பண்ருட்டிச் செம்மண்ணில் மூன்று ஏக்கர்: முந்திரியா, பலாவா, வாழையா, கொய்யாவா?

காடாம்புலியூர், பணிக்கன்குப்பம், முத்தாண்டிக்குப்பம் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வருகிறது. தாத்தா காலத்து முந்திரி காய்ப்பு குறைந்து நிற்கிறது. போர்வெல்லில் தண்ணீர் உண்டு, ஆனால் நாள் முழுக்க மோட்டார் ஓட்டும் அளவுக்கு இல்லை. பிள்ளைகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் வெளிநாட்டில். மரத்தை வெட்டிவிட்டுப் புதிதாக எதை வைப்பது? கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. கொய்யா வைத்து நாலு காசு பார்த்தவர் கொய்யா என்கிறார், பலா மண்டிக்காரர் பலா என்கிறார், முந்திரி வியாபாரி மரத்தை வெட்டவே கூடாது என்கிறார்.

பழமரம் வைப்பது நெல் விதைப்பதைப் போன்ற முடிவு இல்லை. நெல்லில் தவறினால் அடுத்த பட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். மரத்தில் தவறினால் பத்து வருடம் போய்விடும். ஒரு குடும்பம் எடுக்கும் இந்த முடிவு ஒரு வட்டாரத்தின் பிழைப்பையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: நட்டவர் கையில் என்ன நிற்கும், ஊரில் என்ன தங்கும்?

ஒப்பீட்டுக்கு முன்னால் காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பொழுது விடிந்தபோது பண்ருட்டி வட்டாரத்து முந்திரிக் காடுகள் படுத்துக் கிடந்தன. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. வீடு இடிந்தால் கட்டிக்கொள்ளலாம், நாற்பது வருட மரத்துக்கு எங்கே போவது என்று அன்று அழுதவர்கள் பலர். அதன் பிறகும் 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் என்று வங்கக் கடல் நம்மை விடவில்லை. பெஞ்சலில் காற்றைவிடத் தண்ணீர்தான் அதிகம் அழித்தது. தென்பெண்ணை கரையோரத்தில் நின்ற பயிர்களெல்லாம் மூழ்கின. இந்தக் கரையில் மரம் வைப்பவர், புயல் வரும் என்று எண்ணியே வைக்க வேண்டும்.

முதலில் முந்திரி. இந்த மண்ணுக்கு முந்திரியைப் போலக் குறைவாகக் கேட்கும் மரம் இல்லை. மானாவாரியில் நிற்கும், காவல் வேண்டாம். மார்கழி, தையில் பூத்து, பங்குனியிலிருந்து வைகாசி வரை கொட்டை பொறுக்கலாம். வெளியூரில் இருப்பவர்கூட ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டு ரகங்கள் வந்த பிறகு, விதைக்கன்று வைத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த காலமும் போய்விட்டது. மூன்றாம் வருடத்திலேயே காய் பார்க்கலாம்.

ஆனால் வரவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 80 மரம் நிற்கும். மரத்துக்கு நான்கு கிலோ கொட்டை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 320 கிலோ. எண்பது கிலோ மூட்டையில் நான்கு மூட்டை. உடைத்து, தோல் நீக்கிப் பருப்பாக்கினால் நாலில் ஒரு பங்குதான் தேறும், அதாவது சுமார் 80 கிலோ. அந்தப் பருப்பு தி.நகர் கடைக்கண்ணாடிக்குப் பின்னால் என்ன விலைக்கு நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, மூட்டைக்கு நமக்குக் கிடைத்ததையும் பாருங்கள். நடுவில் இருப்பது முழுவதும் உடைக்கும் கூலி, வறுக்கும் செலவு, தரம் பிரிக்கும் உழைப்பு, வியாபாரியின் முதல், அவருடைய லாபம். ஐந்துக்கு நான்கு மீட்டரில் நெருக்கி நட்டு ஏக்கருக்கு 200 மரம் வைக்கலாம், விளைச்சல் கூடும். ஆனால் அதற்குக் கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளைக் கழிக்கும் வேலை, வேண்டும்; தேயிலைக் கொசு, தண்டுத் துளைப்பான் என்ற பூச்சிகளுக்கு மருந்து வேண்டும். குறைவாகக் கேட்கும் மரம் என்ற பெருமை அங்கேயே போய்விடுகிறது.

ஊருக்கு முந்திரி தருவது வேறு கணக்கு. பண்ருட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் கொட்டை உடைக்கும் கொட்டகைகளும் தொழிற்கூடங்களும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வறுத்த கொட்டையை ஒரு கையில் பிடித்து, மறு கையால் தட்டி, பருப்பு உடையாமல் முழுதாக எடுப்பது வருடக்கணக்கில் கைக்குப் பழகிய வேலை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும்; விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து இருப்பதைப் பார்த்தாலே அவர் முந்திரி வேலைக்காரர் என்று தெரிந்துவிடும். முழுப் பருப்பு, பிளவு, குருணை என்று பிரிக்கும்போதே விலையும் பிரிந்துவிடுகிறது. நம் ஊர்ப் பருப்பின் பெயருக்குப் பின்னால் இருப்பது அந்தக் கைகள்.

ஆனால் அந்தக் கொட்டகைகள் நம் மரத்தை நம்பி மட்டும் நடக்கவில்லை. உள்ளூர்க் கொட்டை போதாமல், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வரும் கொட்டையும் இங்கே உடைபடுகிறது. ஆகவே நம் தோப்புக் கொட்டையின் விலையில் அந்த நாடுகளின் விளைச்சலுக்கும் பங்கு உண்டு. முந்திரியை வெட்டினால் பண்ருட்டித் தொழிலே அழியும் என்று சிலர் விவசாயியைக் குற்றவாளியாக்குவதை நான் ஏற்க மாட்டேன். தொழில் நிற்பது உடைக்கும் திறமையில். அந்தத் திறமைக்கு உரிய கூலியையும், கைக்கு உறையையும் கொடுப்பதுதான் தொழிலைக் காக்கும் வழி. தண்ணீரே இல்லாத நிலத்தில் முந்திரியை விட்டால் வேறு மரம் இல்லை என்பது உண்மை. தண்ணீர் இருக்கும் நிலத்திலும் முந்திரியே போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி பலா. சித்திரையில் பண்ருட்டிக்குள் நுழைகிறவருக்கு ஊர்ப்பலகை தேவையில்லை, வாசனையே சொல்லிவிடும். கும்பகோணம் சாலையோரம் குவித்து வைத்த பழங்கள், மண்டியில் லாரிக்கு ஏறும் பழங்கள், அறுத்து வைத்து ஈயோட்டும் அம்மாக்கள் என்று மூன்று மாதம் ஊரே பலாவைச் சுற்றி நடக்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பழம் பலா. பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை யாரும் திருட முடியாது என்ற காவல் அது. விலையை அதுவாக ஏற்றிவிடாது.

எட்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு அறுபது மரம் வைக்கலாம். விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். ஒட்டுக்கன்று நான்கைந்து வருடத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காலம் மட்டுமில்லை. கொட்டையிலிருந்து வந்த பலா ஒவ்வொன்றும் தனிக் குணம் கொண்டது. ஒரே தோப்பில் ஒரு மரத்துச் சுளை தேனாக இருக்கும், பக்கத்து மரத்துச் சுளை நாராக, வழுவழுப்பாக இருக்கும். வீட்டுக்குச் சாப்பிட அது அழகு. ஆனால் இருநூறு பழம் வேண்டும், எல்லாம் ஒரே தரமாக வேண்டும் என்று கேட்கும் வெளியூர் வாங்குபவருக்கு அது பெரும் தொல்லை. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், பணிக்கன்குப்பத்து நாட்டு மரத்திலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாலூர் 1 போன்ற ரகங்களை ஒட்டாக வைத்தால்தான் தோப்பு முழுவதும் ஒரே சுவை வரும். புவிசார் குறியீட்டுக்குப் பொருளும் அப்போதுதான் உண்டு.

பலா சோம்பேறியின் மரம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. பழத்தை இறக்குகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். முதலில் காம்பை ஒட்டிய கடைசி இலையைப் பார்ப்பார். அது மஞ்சளடித்திருக்க வேண்டும். பிறகு முள்ளை உள்ளங்கையால் தடவுவார். நெருங்கிக் கூராக இருந்த முள் அகன்று மழுங்கியிருக்க வேண்டும். கடைசியில் தட்டுவார். இறுகிய சத்தம் வந்தால் விட்டுவிடுவார், உள்ளே தளர்ந்து மந்தமாக ஒலித்தால்தான் அரிவாள் காம்புக்குப் போகும். உயரத்துப் பழத்தைக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். விழுந்து அடிபட்ட பழம் மறுநாளே கறுத்துவிடும். இந்தக் கண்ணும் காதும் உள்ளவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இளைஞர்களுக்கு இதைப் பழக்கிவிட வேண்டும் என்பது என் பெரிய கவலை.

கவனிக்க வேண்டியது வேறும் உண்டு. ஆண் பூக்கள் கறுத்து உதிர்வது இயல்பு, அதைக் கண்டு பயந்து மருந்தடிக்க வேண்டாம். பிஞ்சுகள் அழுகி உதிர்ந்தால் அது நோய். உதிர்ந்ததைப் பொறுக்கி அப்புறப்படுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரே காம்பில் கொத்தாக நிற்கும் பிஞ்சுகளைக் கலைத்து ஒன்றிரண்டை மட்டும் விட்டால் பழம் வடிவாக வரும். வேரில் தண்ணீர் தேங்கினால் பலா தாங்காது, ஆகவே தாழ்ந்த நிலத்துக்கு இது ஆகாது.

பலாவின் உண்மையான பலவீனம் விற்பனையில் இருக்கிறது. நம் மாவட்டத்துப் பழம் பெரும்பாலும் ஒரே சமயத்தில் மண்டிக்கு வருகிறது. பழுத்தது நான்கைந்து நாளுக்குமேல் நிற்காது. பல தோப்புகளில் பிஞ்சாக இருக்கும்போதே வியாபாரியிடம் மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். கையில் முன்பணம் வருகிறது, கவலை தீருகிறது, விலை ஏறினால் அந்த லாபம் வியாபாரிக்குப் போய்விடுகிறது. எடை போடாமல் பழக்கணக்கில் விலை பேசும் வழக்கமும் இன்னும் இருக்கிறது; நல்ல பழம் விளைவித்தவருக்கும் ஏனோதானோவென்று விட்டவருக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை கிடைப்பது அதனால்தான்.

ஊர்க் கணக்கில் பார்த்தால் முந்திரிக்கு நேர் எதிராக இருக்கிறது பலா. முந்திரியில் வெளியூர்க் கொட்டை இங்கே வந்து, வேலை இங்கே நடந்து, பருப்பாக வெளியே போகிறது. பலாவில் நம் பழம் முழுதாக லாரி ஏறிக் கோயம்பேட்டுக்கும் அதற்கு அப்பாலும் போய்விடுகிறது; சுளை எடுப்பது, வறுப்பது, உலர்த்துவது, கொட்டையை மாவாக்குவது எல்லாம் வேறு ஊர்க்காரர் கையில். கேரளம் 2018-இல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. வறுவல், உலர்ந்த சுளை, பிஞ்சு என்று அங்கே பலாப் பண்டங்கள் கடை நிறைய விற்கின்றன. நமக்கு இருக்கும் பழ வளத்துக்குப் பண்ருட்டியில் தெருவுக்குத் தெரு சுளை உலர்த்தும் கூடம் இருக்க வேண்டும். முந்திரிக் கொட்டகைகளில் ஏற்கெனவே உலர்த்தவும் தரம் பிரிக்கவும் பொதியவும் பழகிய கைகள் இருக்கின்றன. அந்தத் திறமையைப் பலாவுக்குத் திருப்புவதுதான் இந்த வட்டாரம் செய்ய வேண்டிய முதல் காரியம் என்று நான் நம்புகிறேன்.

காய்ப்பு ஓய்ந்த பலா மரத்துக்கும் விலை உண்டு. தஞ்சாவூர் வீணைக்கு மரம் இங்கிருந்துதான் போகிறது. கடைந்த குடத்துக்கும் தண்டிக்கும் முற்றிய பண்ருட்டிப் பலாவைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். பேரன் காலத்து வரவு அது, இருந்தாலும் கணக்கில் சேர்க்க வேண்டிய வரவு.

வாழைக்கு வருவோம். கடலூரை ஒட்டிய கேப்பர் மலைப் பக்கம், ராமாபுரம், வழிசோதனைப்பாளையம், வெள்ளக்கரை ஊர்களில் செம்மண்ணில் வாழை செழித்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஏழடி இடைவெளியில் ஏக்கருக்குத் தொள்ளாயிரம் கன்று. பதினொரு, பன்னிரண்டு மாதத்தில் தார். ஆவணி முகூர்த்தம், ஆயுத பூஜை, பொங்கல் என்று விலை ஏறும் நாட்கள் முன்கூட்டியே தெரியும், இலைக்கும் காசு வரும். காத்திருக்க முடியாத குடும்பத்துக்கு வேறெதுவும் இவ்வளவு சீக்கிரம் பணம் காட்டாது.

ஆனால் அதே ஊர்களின் பெயரைத்தான் கோடைக்காலச் செய்திகளில் படிக்கிறோம். சித்திரை, வைகாசியில் ஒரு மாலை வீசும் சூறைக்காற்று போதும். தார் விட்ட வாழை நடுவில் முறிந்து விழுந்துவிடும். புயல்கூட வேண்டியதில்லை. கன்றுக்கு ஒரு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தால் ஓரளவு தாங்கும், அந்தச் செலவும் சேர்ந்துகொள்ளும். தண்ணீரும் உரமும் தவறாமல் வேண்டும். பயிர்க் காப்பீடு வாழைக்கு உண்டு, கட்டாயம் கட்ட வேண்டும், ஆனால் இழப்பீடு சர்வே நடந்து கைக்கு வருவதற்குள் அடுத்த கன்று நடும் காலம் வந்துவிடும். கடன் வாங்கி மூன்று ஏக்கரும் வாழை போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அரை ஏக்கர், காற்று மறைவான இடத்தில், தண்ணீருக்கு அருகில் என்றால் சரி.

கொய்யா நடுவழி. லக்னோ 49 நம் பக்கத்துக்குப் பழகிய ரகம். இரண்டாம் வருடத்திலிருந்து பழம் கிடைக்கும், தாழ நிற்கும் மரம் என்பதால் காற்றுக்கு எளிதில் சாயாது. சொட்டுநீர் போதும், சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்க் கருவிகளை நூறு சதவீத மானியத்தில் தோட்டக்கலைத் துறை கொடுக்கிறது. கவாத்து செய்து, கிளையை வளைத்துக் கட்டி, நமக்கு வேண்டிய மாதத்தில் காய்க்க வைக்கவும் முடியும். பலாவிலும் முந்திரியிலும் இல்லாத வசதி இது. கடலூர் உழவர் சந்தையும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டும் காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும் தூரத்தில் இருப்பதால் மண்டி கமிஷன் இல்லாமலே விற்கலாம்.

இதற்கு வேண்டியது ஆள். காய்ப்புக் காலத்தில் அன்றாடம் பறிக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் பழம் பழுத்து, பழ ஈ முட்டையிட்டு, புழுவோடு கீழே விழும். தைவான் பிங்க் நன்றாக இருக்கிறது என்று ஊர் முழுக்க ஒரே ரகத்தை வைத்தால் விலை என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். கன்று வாங்கும்போது வேரைப் பிரித்துப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு இருக்கிறது; அந்தக் கன்று இனாமாகக் கிடைத்தாலும் நிலத்துக்குள் விடாதீர்கள்.

மாவைப் பற்றியும் கேட்பார்கள். வீட்டுக்கு நான்கு மரம் வைக்கலாம். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன, விலை சரிந்தாலும் காயைத் தள்ள ஓர் இடம் உண்டு. நம்மிடம் அது இல்லை.

இந்த நான்கில் எதை எடுப்பது என்பதைக் கிலோ விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. வீட்டில் எத்தனை பேர் தினம் நிலத்தில் கால் வைப்பார்கள், எத்தனை வருடம் வரவில்லாமல் தாங்க முடியும், கோடையில் போர்வெல் எத்தனை மணி நேரம் தண்ணீர் தரும் என்பவைதான் கேள்விகள். நிலத்தில் யாருமே இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் பழைய முந்திரியை வெட்டி வி.ஆர்.ஐ. ஒட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். கணவனும் மனைவியும் நிலத்திலேயே இருப்பவர்கள், ஓரளவு தண்ணீர் உண்டு என்றால் என் பதில் பலாவும் கொய்யாவும் சேர்ந்த தோப்பு.

அதை இப்படி அமைக்கலாம். பத்து மீட்டருக்கு ஒரு பலா ஒட்டு, ஏக்கருக்கு நாற்பது. இடையிடையே ஐந்து மீட்டர் கட்டத்தில் கொய்யா, ஏக்கருக்கு நூற்றிருபது. இரண்டாம் வருடம் முதல் கொய்யா வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும். பலா காய்ப்புக்கு வந்து, எட்டு பத்து வருடத்தில் நிழல் கட்டும்போது கொய்யாவை எடுத்துவிடலாம். அதற்குள் அது தன் கடனைத் தீர்த்திருக்கும். மூன்று ஏக்கரில் இரண்டு இப்படி இருக்கட்டும். தண்ணீர் எட்டாத மேட்டு ஏக்கரில் முந்திரியே நிற்கட்டும். புயலில் ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும், பலா விலை சரிந்த வருடத்தில் கொய்யா கை கொடுக்கும். நாற்பது பலாவை வைத்துக்கொண்டு தனியாக மண்டிக்குப் போனால் விலை பேச முடியாது. அதே ரகத்தை வைத்த பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எடை போட்டு விற்றால் பேச முடியும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிந்துகொண்டால் உலர்த்தும் கூடத்துக்கும் வழி பிறக்கும். அதனால் ரகத்தை அக்கம்பக்கத்தாரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

நடுவதற்கு ஆடியிலிருந்து புரட்டாசி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் கன்று வேர் பிடித்துவிட வேண்டும். குழியைக் கோடையிலேயே எடுத்து ஆறவிடுங்கள். கன்றைப் பாலூர், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்களிலோ அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலோ வாங்குங்கள். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். கடல் பக்கமாக, அதாவது கிழக்கிலும் வடகிழக்கிலும், இரண்டு வரிசை சவுக்கு வையுங்கள். பலாவை உயர விடாதீர்கள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகளை வளர்த்து, வருடா வருடம் பறிப்பு முடிந்தவுடன் உள்ளடர்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் காற்று ஊடே புகுந்து போகும், பழத்தையும் ஏணியில்லாமல் இறக்கலாம்.